பிரிக்பீல்ட்ஸ் கோழிப் பரீட்சை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
விரோதிகிருது வருஷம் (1911), ஆனி மாதம்.

கிள்ளானில் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் உத்தியோகம் பார்க்கும் அருமை மைத்துனன் சிரஞ்சீவி சபாபதிக்கு, உன் அக்காள் புருஷன் நாகையா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காள் தனலெட்சுமியும் ஈசன் கிருபையால் சுகம். எங்கள் வாசலில் இருக்கும் கோழிகளும் சுகம். கோழிகள் சுகமாக இருப்பதுதான் இங்கே நடந்த அமளி அத்தனைக்கும் காரணம் என்பதை விளக்கவே இந்தக் கடிதம். ஆகையால் கையில் இருக்கும் பாண்டேஜைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து, கடைசி வரைக்கும் வாசிக்கவும். ஏனென்றால் இதற்கெல்லாம் மூல புருஷன் நீதான்.

நான் ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த புதிதில் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். காலையில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன், பத்திரிகை படிப்பேன், சாப்பிடுவேன், விட்ட இடத்திலிருந்து பத்திரிகை படிப்பேன். நீ தைப்பூசத்துக்கு வந்தவன் சும்மா போயிருக்கலாம். "அத்தான், இப்படியே இருந்தீங்கன்னா துருப்பிடிச்சுப் போயிடுவீங்க. உங்க இங்கிலீஷுக்கு ஏத்த மாதிரி ஒரு கௌரவமான வேலை நான் சொல்லி வைக்கிறேன்" என்றாய். ஏதோ சங்கக் காரியதரிசி, இல்லாவிட்டால் வாசகசாலைத் தலைவர் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். கொஞ்ச நாள் கழித்து வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டி. ரிக்‌ஷாவிலிருந்து டாக்டர் அந்தோனிப்பிள்ளை இறங்கினார். மாட்டு வண்டியிலிருந்து கூடை கூடையாகக் கோழி இறங்கியது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பிலும் சீமையிலும் படித்தவர் என்று நீ சொல்லியிருந்தாய். நாடி பிடித்து மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, சோதனைச் சாலையில் ஆராய்ச்சி செய்கிற டாக்டர் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடி எப்போதும் மூக்கின் நுனியில். மனிதரோடு பேசும்போது தரையைப் பார்ப்பார், கோழியோடு பேசும்போது கண்ணைப் பார்ப்பார். "மிஸ்டர் நாகையா, உங்கட வாசல்தான் எனக்கு வேணும்" என்றார். என் இங்கிலீஷ் இல்லையாம், என் வாசல்! எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செங்கல் சூளைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிற ஒற்றையடிப் பாதை என் வேலியோரமாகத்தானே போகிறது? சூளையில் வேலை செய்யும் சீனக் கூலிகள் காலையிலும் மாலையிலும் அதில்தான் நடந்தாக வேண்டும். அவர்கள் தினமும் கண்ணால் பார்க்கிற இடத்தில் இரண்டு கூடு வைத்து, ஒரு கூட்டுக் கோழிகளுக்குத் தீட்டின வெள்ளை அரிசி மட்டும், மற்றக் கூட்டுக் கோழிகளுக்கு நம்முடைய புழுங்கலரிசி மட்டும் போட்டு வளர்க்க வேண்டும் என்றார்.

பெரிபெரியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால் வீங்கி, மரத்துப்போய், நடக்க முடியாமல், ஒரு நாள் நெஞ்சு நின்றுபோகிற ஆட்களை நீ கிள்ளானில் கட்டில் கட்டிலாகப் பார்த்தவன். டாக்டர் சொல்கிறபடி, அரிசியைத் தீட்டித் தீட்டி வெளுக்க வைக்கும்போது அதன் மேல்தோலோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது, அது இல்லாமல் வெறும் சோற்றைத் தின்றால் இந்த வியாதி வருகிறது, நெல்லை அவித்துக் குத்துகிற புழுங்கலரிசியில் அந்தச் சத்து தங்கிவிடுகிறது, அதனால்தான் நம்முடைய ஆட்களுக்கு இது அதிகமாக வருவதில்லை. கூலிகளுக்குச் சோறு போடுகிற சீன முதலாளிகளான தௌக்கேமார் புழுங்கலரிசியே போட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை விசாரிக்க சர்க்கார் ஒரு கமிட்டியும் போட்டிருக்கிறது. கமிட்டி துரைமார் இவர் எழுதிக் கொடுத்ததை எல்லாம் வாசித்துவிட்டு, "ரொம்ப சுவாரசியமாக இருக்கிறது" என்று சொல்லி மேசைக்குள் வைத்துவிட்டார்களாம். "எழுதிக் குடுத்து அலுத்துப் போனன். இனிக் காட்டித்தான் குடுக்க வேணும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்களை ஹானரரி டெமான்ஸ்ட்ரேட்டர் எண்டு போட்டிருக்கிறன்" என்றார், அதாவது சம்பளமில்லாமல் செய்து காட்டுகிறவர். சபாபதி, ரயில்வேயில் குமாஸ்தாவாக என் ஆயுசில் பாதியைக் கொடுத்தேன், "ஏய், கிராணி" என்பதைத் தவிர ஒரு பட்டம் கிடைத்ததில்லை. கூடுகளை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று நானே முன்னால் நடந்து இடம் காட்டினேன்.

முதல் சங்கடம் பிரசங்கத்தில் வந்தது. சூளை ஆட்களுக்கும் நம்முடைய ரயில்வே லைன்காரர்களுக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டாக்டர் என் வாசலில் நின்று பேசினார். பிரசங்கம் என்றால் அவருக்கு இங்கிலீஷ்தான் வருமாம்; அவர் அதில் பேச, நான் தமிழிலும், சந்தையில் எல்லாரும் பேசுகிற பாசார் மலாயிலும் சொல்ல வேண்டும். டாக்டருக்கு விஷயம் மலையளவு தெரியும், ஆனால் ஜனங்களிடம் பேசத் தெரியாது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதற்குள் இன்னொரு வாக்கியம், அதற்குள் இன்னொன்று. நான் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றேன், முடிகிற வழியாக இல்லை. ஜனங்கள் கூடுகளைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். முன்னால் நின்ற ஒருவன், "அண்ணே, கோழி எப்ப அறுப்பீங்க? எல போட்டுருவாங்களா, கையில வாங்கிக்கணுமா?" என்று கேட்டான். இன்னொருவன் மரியாதையாகவே, "அரிசியில இருந்து போற அந்தச் சத்துக்குப் பேரு என்னங்க?" என்றான். நான் டாக்டரிடம் கேட்டேன். "அதுக்கு இன்னும் பேர் வைக்கேல்லை" என்றார். அதை நான் அப்படியே சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பேரு கூட இல்லாததை எங்க போய்த் தேடறது?" என்று ஒரு குரல். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டாக்டருடைய நீளமான வாக்கியத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, "வெள்ளை அரிசி தின்னா காலு போயிடும்! அவ்வளவுதான்!" என்று ஒரே போடாகப் போட்டேன். கூட்டம் அடங்கிவிட்டது. எனக்கே என் பிரசங்கம் பிடித்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் நம் மாரியம்மன் கோயில் அய்யாவு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை பூஜைக்கெல்லாம் அவர்தானே பொறுப்பு? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெற்றியில் விபூதி வியர்வையில் கரைய, "நாகையா, அம்மனுக்கு நாம வைக்கிற பொங்கல் பச்சரிசிதானே? பளபளன்னு வெள்ளை அரிசிதானே? அப்ப அம்மனுக்குக் காலு போயிடுமா? சொல்லு. ஊரே என்னைக் கேக்குது. பூஜைக்கு அரிசி குடுக்கிறவன் எல்லாம் கைய இழுத்துக்கிட்டான்" என்று நின்றார். அந்த நேரம் பார்த்து டாக்டரும் கோழிகளைப் பார்க்க வந்தார். அவர் கிறிஸ்தவர், அய்யாவுவோ கோபத்தில் இருக்கிறார். இன்றைக்கு நம் வாசலில் மதச் சண்டை என்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வெகு பவ்யமாக, "ஐயா, அம்மனுக்குப் பொங்கல் மட்டுமோ வைக்கிறனீங்கள்?" என்று கேட்டார். அய்யாவு விறைப்பாக, "அதெப்படி? சுண்டல் உண்டு, பாசிப்பருப்பு உண்டு, பழம் உண்டு, தேங்காய் உண்டு. எங்க அம்மனுக்கு என்ன குறைச்சல்?" என்றார். "அப்ப அம்மனுக்கு ஒரு நாளும் பெரிபெரி வராது" என்றார் டாக்டர், சத்தியமாகச் சிரிக்காமல். "பருப்பிலையும் கடலையிலையும் அந்தச் சத்து இருக்குது. வெறும் வெள்ளைச் சோறும் ஒரு துண்டு உப்புக் கருவாடும் மட்டும் மாசக்கணக்காத் திண்டால்தான் ஆபத்து." அய்யாவு இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "டாக்டர் விவரமான ஆளு. நீதான் மொழிபெயர்ப்பில கோட்டை விட்டுட்டே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைச் சுண்டலை, வியாதி வராமல் இருக்க, சூளை ஆட்களுக்கும் ஒரு கை கொடுக்கிறார். அந்தப் பிரசங்கத்தால் விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

இதற்கிடையில் கோழிகளின் கதையைக் கேள். புழுங்கலரிசிக் கூட்டில் இருந்தவை கொழுத்துப் போய், அதில் ஒரு சிவப்புச் சேவல் ரயில் எஞ்சினுக்குப் போட்டியாகக் கூவிக்கொண்டு இருந்தது. வெள்ளரிசிக் கூட்டில் இருந்தவை வரவர வாடின. அதில் ஒரு வெள்ளைப் பெட்டை, பார்க்க மகாலட்சுமி மாதிரி இருந்தது. முதலில் கால் பின்னியது. அப்புறம் கள்ளுக் கடையிலிருந்து வருகிறவன் மாதிரி இரண்டு எட்டு வைத்து உட்கார்ந்துவிடும். உன் அக்காள் அதைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சோறு போடுவாள், தட்டு என் முன்னால் விழுகிற சத்தத்திலேயே அவள் மனசு தெரியும். "ஏங்க, வாயில்லாத ஜீவனை வாசல்ல வச்சுப் பட்டினி போடுறீங்களே, உங்களுக்கே இது நல்லா இருக்கா?" என்பாள். "பட்டினி இல்லடி, வயிறு நிறைய அரிசி போடுறோம்" என்பேன். "வயிறு நிறைஞ்சா கால் ஏன் மடங்குது?" என்பாள். "அதைத்தான் டாக்டர் கேட்கிறார்" என்பேன். "அவருக்குத் தெரியலைன்னா அதுக்கு என் வீட்டு வாசல்தானா கிடைச்சுது?" என்று போய்விடுவாள்.

சூளையில் ஆ சோங் என்று ஒரு ஆள், உனக்கும் தெரியும், நீ வந்தபோது இரண்டு செங்கலைத் தூக்கிப் போட்டுப் பிடித்து வேடிக்கை காட்டினானே, அவன்தான். பாதையில் போகும்போதெல்லாம் என் ரோஜாவை முகர்ந்து பார்த்து, "இதை வைத்துக் குழம்பு வைக்கலாமா?" என்று கேலி செய்வான். கொஞ்ச காலமாக அவன் பாதத்தை இழுத்து இழுத்து நடந்தான். ஒரு சாயங்காலம் வேலியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பெட்டையையே பார்த்தபடி நின்றான். அது எழுந்து, தடுமாறி, உட்கார்ந்தது. அவன் தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, "சாமா சாயா" என்றான். என்னை மாதிரியே என்று அர்த்தம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் வீக்கத்தில் அவன் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. "ஆ சோங், எங்கள் அரிசியைச் சாப்பிட்டுப் பார்" என்று உள்ளே போய் ஒரு கிண்ணம் புழுங்கலரிசிச் சோறு கொண்டுவந்தேன். மூக்கருகே கொண்டு போனவன், முகத்தைச் சுளித்து, ஈரச் சாக்கு வாடை அடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். தௌக்கே இதைப் போட்டால் ஆட்கள் எல்லாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு சூளைக்குப் போய்விடுவார்கள் என்றான். அந்தச் சூளைத் தௌக்கே லிம்மும் டாக்டரிடம் அதையேதான் சொன்னாராம். சட்டம் போட்டால் ஆட்கள் ஓடிவிடுவார்கள், ஆட்கள் ஓடினால் ஊருக்குச் செங்கல் ஏது என்று. அவரும் கெட்டவர் இல்லை, சபாபதி. அவரும் அதே வெள்ளைச் சோறுதான் சாப்பிடுகிறார்.

டாக்டர் எப்படியோ மன்றாடி, கமிட்டி துரைமாரையும் சூளைக்காரத் தௌக்கேமாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலுக்கே வரச் சம்மதிக்க வைத்தார். கண்ணால் பார்த்து நம்பினால் விதி போடுவார்கள். இல்லாவிட்டால் கமிட்டியைக் கலைத்துவிட்டு அவரவர் மலைக்கு லீவில் போய்விடுவார்கள். அந்த வாரம் முழுக்க டாக்டர் சோதனைச் சாலையை விட்டு வர முடியவில்லை. "கூட்டைத் திறக்கிறதுதான் வேலை, மிஸ்டர் நாகையா. மிச்சத்தைக் கோழியளே சொல்லும்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். நானும் அந்த வாரமெல்லாம் வாசலைக் கூட்டுவதிலும், நாற்காலி இரவல் வாங்குவதிலும், என் பழைய ரயில்வே கோட்டுக்குப் பொத்தான் தைக்கச் சொல்லி உன் அக்காளிடம் கெஞ்சுவதிலும் இருந்தேனே ஒழிய, கூடுகளைக் கூர்ந்து பார்க்கவில்லை. வாரத் தொடக்கத்திலேயே சணல் சாக்கு போட்டு மூடி, கையை விட்டு அரிசியை மட்டும் உள்ளே தள்ளிவந்தேன். விழா நாளில் திரை விலக்கிக் காட்டினால் எடுப்பாக இருக்கும் என்று எனக்கு ஒரு யோசனை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துரைமார் வந்தார்கள், தலைவர் துரை வெள்ளைத் தொப்பியோடு நடுநாற்காலியில். தௌக்கே லிம் பட்டுச் சட்டையில். வேலிக்கு வெளியே சூளை ஆட்கள், ரயில்வே லைன் ஆட்கள், மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டு வீரம்மா, கோயில் அய்யாவு, எல்லாரும். டாக்டர் எழுந்து, இந்தத் தடவை சுருக்கமாகவே, "முதலில் புழுங்கலரிசிக் கோழிகள்" என்றார். திறந்தேன். சிவப்புச் சேவல் மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தது. கைதட்டல். "இனி வெள்ளரிசிக் கோழிகள். இவற்றால் நிற்கக்கூட முடியாது. தயவுசெய்து அமைதியாகப் பாருங்கள்" என்று டாக்டர் துக்க வீட்டுக் குரலில் சொன்னார். நான் சாக்கை விலக்கிக் கதவைத் திறந்தேன்.

சபாபதி, திறந்த கதவிலிருந்து பீரங்கிக் குண்டு மாதிரி ஒன்று என் காதோரம் பறந்தது. அது வெள்ளைப் பெட்டை. நேரே போய்த் தலைவர் துரையின் தொப்பி மேல் உட்கார்ந்தது. பின்னாலேயே மற்றவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்துக்கொண்டு வந்தன. ஒன்று தௌக்கேயின் மடிக்கு, ஒன்று மேசை மேல் வைத்திருந்த பிஸ்கோத்துத் தட்டுக்கு. சிவப்புச் சேவல் இத்தனை நாளும் தனிக்காட்டு ராஜாவாக இருந்ததல்லவா, புதுச் சேவல்களைக் கண்டதும் சண்டைக்குப் பாய்ந்தது. ஒரு துரை நாற்காலி மேல் ஏறி நின்றார். இன்னொரு துரை ரோஜாச் செடிக்குள் விழுந்தார். வேலிக்கு வெளியே கூலிகள் குதித்துக் குதித்துச் சிரிக்கிறார்கள். தௌக்கே லிம்முக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். தலைவர் துரை தொப்பி மேல் கோழியோடு அசையாமல் உட்கார்ந்தபடி, "டாக்டர், இதுதான் வியாதி என்றால் எனக்கும் கொஞ்சம் வேண்டும்" என்றார். தௌக்கே எழுந்து தம் ஆட்களைப் பார்த்து, பார்த்தீர்களா, வெள்ளை அரிசிதான் பலம் என்று சீனத்தில் கத்தினார். டாக்டர் முகத்தை நான் பார்த்தேன். நம்முடைய ஆட்கள் கடனுக்கு அழுது பார்த்திருக்கிறேன், சாவுக்கு அழுது பார்த்திருக்கிறேன். படித்த படிப்பு பொய்யாகிவிட்டதே என்று ஒரு மனிதர் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பூமி பிளந்தால் கோட்டோடு இறங்கிவிடலாம் என்று இருந்தது எனக்கு.

அப்போது உன் அக்காள் வாசல்படியில் வந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே டாக்டரிடம், "ஐயா, அவரைத் திட்டாதீங்க. நான்தான் போட்டேன்" என்றாள்.

"என்னத்தை அம்மா போட்டனீங்கள்?" என்றார் டாக்டர்.

"தவிடுங்க. வீரம்மா அவ மாட்டுக்கு, கம்பத்துல, அந்த மலாய்க் கிராமத்துல, நெல்லு குத்துறவங்ககிட்ட இருந்து வாங்கி வச்சிருந்தா. அதுல ரெண்டு கை வாங்கி, தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு போட்டேன். இவரு குளிக்கப் போற நேரமாப் பார்த்துப் போடுவேன். கண்ணு முன்னாடி சாகுது, பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"வேறை என்ன போட்டனீங்கள்? பருப்பு? பழம்? ஏதாலும்?"

"ஒண்ணுமில்ல. அதே வெள்ளை அரிசியும் தவிடும்தான். சத்தியமா."

"எப்ப தொடக்கம்?"

"இந்த வாரந்தான். கால் முழுசா மடங்கின பிற்பாடு."

டாக்டர் உன் அக்காளை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். அடிக்கப் போகிறாரோ, அழப் போகிறாரோ என்று நான் உன் அக்காளுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, "அம்மா!" என்று கும்பிட்டார். பிறகு துரைமார் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார் பாரு, வாக்கியத்துக்குள் வாக்கியம் இல்லை, ஒவ்வொன்றும் ஆணி அடித்த மாதிரி. "கனவான்களே, வெள்ளை அரிசி இந்தக் கோழிகளைப் படுக்க வைத்தது. ஆலைகள் மாட்டுக்குக் கொட்டுகிற தவிடு இவற்றை எழுப்பிவிட்டது. எது போய்விட்டது என்று நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். போனதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று இந்த அம்மாள் காட்டிவிட்டார்."

தலைவர் துரை தொப்பியோடு கோழியையும் இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இது படுத்திருந்தது என்பதற்கு உங்கள் வார்த்தையைத் தவிர என்ன சாட்சி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வேலிக்கு வெளியே சிரிப்பு நின்றுபோயிருந்தது. ஆ சோங் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தான். யாரும் தடுக்கவில்லை. வெள்ளைப் பெட்டையைக் காட்டி, பாசார் மலாயில் பேசினான். நான் அதை நம்முடைய ஆட்களுக்குத் தமிழிலும் துரைமாருக்கு இங்கிலீஷிலும் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. "நான் தினமும் பார்த்தேன். இது என்னை மாதிரித்தான் நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தோம். இப்போது இது துரையின் தொப்பி மேல் ஏறிவிட்டது. நான் இன்னும் இங்கேயே நிற்கிறேன். இது தின்றதை எனக்கும் கொடுங்கள்."

அவனுக்குப் பின்னால் வேலியோரம் நின்ற சூளை ஆட்கள் எல்லாரும், ஆமாம், நாங்களும் பார்த்தோம் என்று சேர்ந்து குரல் கொடுத்தார்கள். தினமும் போக வர வேலியோரமாக அந்தக் கோழிகளைப் பார்த்தவர்கள் அல்லவா? தௌக்கே லிம் மட்டும், "தவிடு பன்றிக்குப் போடுகிறது" என்று முனகினார். ஆ சோங் திரும்பி அவரைப் பார்த்து, "அப்படியானால் நம் பன்றி என்னைவிட நன்றாக நடக்கிறது, தௌக்கே" என்றான். தௌக்கே குனிந்து தம்முடைய கால்களைப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய செருப்பின் வார் வீங்கிய சதையில் பதிந்திருந்தது.

உன் அக்காள் அதற்குள் உள்ளே போய், தவிட்டைச் சலித்து, வறுத்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் போட்டு உருண்டை பிடித்து வாழையிலையில் கொண்டுவந்துவிட்டாள். ஆ சோங் ஒன்றை வாயில் போட்டு மென்றான். ஊரே அவன் தாடையைப் பார்த்தது. "இதில் சாக்கு வாடை இல்லை" என்று சொல்லி இன்னொன்று எடுத்தான். தலைவர் துரையும் ஒன்று கேட்டு வாங்கித் தின்றார். டாக்டர் தின்னவில்லை, எத்தனை கைத் தவிடு, எத்தனை நாள் என்று உன் அக்காளிடம் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்.

கமிட்டி அடுத்த வாரமே கூடி, கூலிகளுக்குப் புழுங்கலரிசியோ, முழுக்கத் தீட்டாத அரிசியோ, அதுவும் பிடிக்காவிட்டால் வெள்ளை அரிசியோடு தவிடும் பருப்புமோ கொடுத்தே ஆக வேண்டும் என்று, முதலில் இந்த வட்டாரத்துச் சூளைகளுக்கு மட்டும் பரீட்சார்த்தமாக விதி செய்திருக்கிறது. ஆட்கள் ஓடவில்லை. ஆ சோங்குக்கு வீக்கம் வடிந்துவிட்டது. ஒரு கால் இன்னும் இழுக்கிறது, அது சரியாகப் பல மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். ஆனால் நேற்று வேலியருகே நின்று ஒரே ஒரு செங்கலைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, பிறகு ஏன் புலம்புகிறார் அத்தான் என்று கேட்பாய். நல்லது நடந்தது ஊருக்கு. எனக்கு நடந்ததைக் கேள். விடிந்தால் என் வாசலில் தவிட்டு உருண்டைக்கு வரிசை நிற்கிறது. தௌக்கே லிம் ரிக்‌ஷாவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி நடந்து வந்து தமக்கும் வாங்கிக்கொண்டு போகிறார். ஊரில் இருக்கிற தவிடெல்லாம் மனிதர் வயிற்றுக்குப் போவதால், "எம் மாடு எதைத் திங்கும்? உங்க ரோஜாச் செடியைத் திங்கட்டுமா?" என்று வீரம்மா தினமும் வந்து கேட்கிறாள். மாடு வேலியைத் தாண்டி ரோஜாவைத் தின்றும்விட்டது. டாக்டருக்கோ புதுக் கவலை. நடந்தது எல்லாம் சரி, ஆனால் சாஸ்திரப்படி நடக்கவில்லை, ஆகையால் புதுக் கோழி கொண்டுவந்து, கூட்டுக்குப் பூட்டுப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிறார். உன் அக்காள், "என் வாசல்ல இனி ஒரு கோழி கால் மடங்கக் கூடாது" என்கிறாள். இரண்டு பேரும் என் கூடத்தில் உட்கார்ந்து, எத்தனை கோழி, எவ்வளவு தவிடு என்று பேரம் பேசுகிறார்கள். டெமான்ஸ்ட்ரேட்டர் நான் காப்பி கொண்டுபோய் வைக்கிறேன்.

ஆகவே, சபாபதி, உன்னால் வந்ததை நீயே தீர்த்து வைக்க வேண்டும். நான் ராஜினாமா செய்துவிட்டேன் என்று டாக்டருக்கு நீயே பக்குவமாக ஒரு வரி எழுதிவிடு. எனக்கு நேரில் சொல்ல வாய் வராது. வருகிற சனிக்கிழமை நான் மட்டும் தனியாகக் கிள்ளானுக்கு வந்து ஒரு மாதம் உன் வீட்டில் தங்கப் போகிறேன். எனக்கு ஆற்றங்கரைக் காற்று போதும். கோழி, அரிசி, விஞ்ஞானம் மூன்றும் என் காதில் விழக் கூடாது.

உன் மனைவி இராஜம்மாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பும் ஆசியும். நீங்கள் எல்லாரும் கைகால் சுகத்தோடு, குறிப்பாகக் கால் சுகத்தோடு, நீடூழி இருக்க ஈசனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
நாகையா.

பின்குறிப்பு: மேலே எழுதிய கடைசி விஷயங்களை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். உறைக்குள் போடுகிற சமயத்தில் டாக்டர் வந்தார். கமிட்டி தலைவர் இதைக் கிள்ளானிலும் கேரி தீவிலும் ஜனங்களுக்குக் காட்டச் சொல்லி உத்தரவிட்டிருக்கிறாராம். உன் அக்காள் பேச வேண்டும், அதை எல்லாப் பாஷையிலும் சொல்ல நாகையாவைவிட்டால் ஆள் இல்லை என்று டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எதையும் எழுத வேண்டாம். சனிக்கிழமை காலை ரயிலில் நாங்கள் மூன்று பேரும், ஐந்து கூடைகளும் வருகிறோம். கிள்ளானில் ஜனங்கள் நடமாட்டம் உள்ள வாசல் யாருடையது என்று கேட்டார். சற்றும் யோசிக்காமல் உன் விலாசத்தைச் சொல்லிவிட்டேன். கூடுகளுக்குக் கிழக்குப் பக்கம்தான் நல்லதாம். அங்கே கொடியில் காயும் உன் யூனிபாரத்தை எடுத்து உள்ளே வைத்துவிடு.